காந்தத்துக்கு நீளும் உலோகமும் என் உள்பாக்கெட்டும்

போன மாதம் சுரேஷ் போன் செய்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு லேபில் என் இடத்துக்கு வந்தவன்.

"அண்ணா, லேப் ரூல்ஸ் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திகினு இருக்கோம். ஏழாவதா ஒண்ணு கீது. 'சாம்பிளைச் சட்டைப் பையில் வைக்கக் கூடாது'ன்னு. படிச்சிட்டு அல்லாரும் சிரிக்கிறாங்க. எவன்ணா சாம்பிளைப் போய் பாக்கெட்ல வெப்பான்? தூக்கிடட்டா?"

"தூக்காதே."

"ஏன்ணா?"

அதற்கு போனில் என்ன பதில் சொல்வது? தாம்பரம் பேருந்து நிலையத்தில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தேன். "அது பெரிய கதை" என்று சொல்லி வைத்துவிட்டேன். சொன்ன உடனே என் மேலேயே எரிச்சல் வந்தது. ஏனென்றால் எனக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்த பதில் அதுதான். 'ஏன் சார்' என்று கேட்டால் 'அது பெரிய கதை கன்னியப்பன்' என்பார்கள். அந்த ஏழாவது விதியே அந்தப் பதிலால் வந்த வினை. அதை எழுத வைத்தவன் நான்தான். ஆகவே பெரிய கதையைச் சொல்லிவிடுகிறேன். சிரிக்கிறவர்கள் படித்துவிட்டுச் சிரிக்கட்டும்.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மறைமலை நகரில் ஒரு லேத் பட்டறையில் பதினோரு வருடம் புஷ், பின் என்று இயந்திரச் சாமான்கள் கடைந்தேன். அங்கே கற்றது இரண்டு. அளவு தப்பினால் திட்டு. துரு பிடித்தால் அதைவிடப் பெரிய திட்டு. ஐப்பசி மழையில் எண்ணெய் தடவாமல் விட்டுப்போன சாமான் காலையில் செம்மண் பூசினாற்போல இருக்கும். முதலாளி அதை எடுத்து நம் முகத்துக்கு நேரே நீட்டுவார். அந்தப் பயம் என் விரல் நுனியில் ஏறிவிட்டது. இன்றைக்கும் வீட்டில் எவர்சில்வர் டம்ளரைக் கூடத் துடைத்துத்தான் கவிழ்ப்பேன்.

அங்கிருந்து வண்டலூர் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் உலோக ஆராய்ச்சி லேபுக்கு டெக்னீஷியனாக வந்தேன். ரகுநாதன் சார் அதன் தலைவர். வந்த புதிதில் ஒரு நாள், பெரிய மின்காந்தத்துக்குப் பக்கத்தில் குனிந்தபோது என் மேல்பையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் பறந்துபோய்க் காந்தத்தின் இடுக்கில் ஒட்டிக்கொண்டது. அதன் வழியில் ஒரு மாணவர் ஆறு மாதம் பாடுபட்டுச் செய்த சாம்பிள் இருந்தது. இருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து லேப் கதவருகே நின்று எல்லாப் பையையும் மூன்று முறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். மற்றவர்களுக்கு அது வேடிக்கை. "கன்னியப்பண்ணன் தன்னைத்தானே செக் பண்ணிக்கிறாரு" என்பார்கள். பயப்படுகிறவனைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். அவனால்தான் லேபில் பாதிப் பொருள் உடையாமல் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாது.

இனி அந்த உலோகத்தைப் பற்றி. அதைப்போல என் பொறுமையைச் சோதித்த ஒன்று என் வீட்டிலும் இல்லை, ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலிலும் இல்லை.

நிக்கல், மாங்கனீசு, காலியம் மூன்றும் கலந்தது. காலியம் கையில் வைத்தால் உருகும் என்று புத்தகத்தில் போட்டிருக்குமாம். எங்கள் ஊரில் கையில் வைக்கவே தேவையில்லை. ஏசியை நிறுத்தினால் அலமாரியில் பாட்டிலுக்குள்ளேயே தண்ணீராய்க் கிடக்கும். இந்த மூன்றையும் உருக்கி, குவார்ட்ஸ் குழாயில் அடைத்து, உலையின் சூடான பக்கத்திலிருந்து ஆறின பக்கத்துக்கு ஒரு மணிக்குச் சில மில்லிமீட்டர் என்று நாள்கணக்கில் இறக்க வேண்டும். அப்போதுதான் முழுத்துண்டும் ஒரே படிகமாக உறையும். நடுவில் மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஒரு நிமிடம் தாமதித்தால் எல்லாம் வீண். மாங்கனீசு வேறு, சொல்லாமல் கொள்ளாமல் ஆவியாகிக் குழாயின் சுவரில் கரியாய் ஒட்டிக்கொள்ளும். கலவை அரை சதவீதம் பிசகினாலும் உலோகத்தின் குணமே மாறிவிடும். ஆறு குழாய் போட்டு, ஆறும் போய், ஏழாவதில் ஒன்று தேறியது.

தேறியதை எக்ஸ்ரே வைத்துத் திசை பார்த்து, மெல்லிய கம்பியில் மின்பொறி விட்டு அறுத்தோம். பாதித் தீக்குச்சி நீளம், அதைவிடக் கொஞ்சம் தடிமன். இருபது மில்லிமீட்டர். இவ்வளவுக்கும் பிறகு கையில் கிடைப்பது அது ஒன்றுதான்.

அது என்ன செய்யும்? நீளவாட்டத்துக்குக் குறுக்கே காந்தத்தை வைத்தால் நீளும். விரலால் அழுத்தினால் பழையபடி குறுகும். இருபது மில்லிமீட்டர் துண்டு ஒரு மில்லிமீட்டருக்கு மேலே நீளும். சாதாரண இரும்பு எவ்வளவு பெரிய காந்தத்திலும் இதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட அசையாது.

எனக்கு இதை யாரும் விளக்கவில்லை. நானே பல வருடம் காதில் விழுந்ததைக் கோத்துப் புரிந்துகொண்டது இது. துண்டுக்குள்ளே செங்கல் அடுக்கியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். செங்கல்லுக்கு ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் குட்டை. அந்தக் குட்டைப் பக்கம் காந்தம் இருக்கும் திசைக்குத்தான் திரும்ப ஆசைப்படும். காந்தத்தைக் குறுக்கே வைத்ததும், நீளவாட்டத்தில் கிடந்த குட்டைப் பக்கம் குறுக்கே திரும்புகிறது. நீளவாட்டத்துக்கு நெட்டைப் பக்கம் வருகிறது. வரிசை வரிசையாக எல்லாச் செங்கல்லும் அப்படித் திரும்பும்போது துண்டு நீளுகிறது. அதற்கு முதலில் எல்லாச் செங்கல்லும் ஒரே திசையில் படுத்திருக்க வேண்டும். ஆளுக்கொரு பக்கம் படுத்திருந்தால் ஒன்றை ஒன்று முட்டிக்கொண்டு எதுவும் நகராது. அதற்காகத் துண்டை அழுத்தும் கருவியில் வைத்து இந்தப் பக்கம் ஒரு முறை, அந்தப் பக்கம் ஒரு முறை என்று பொறுமையாய் அமுக்கி எல்லாவற்றையும் ஒரே வாட்டமாகப் படுக்க வைப்போம். பழக்குவது என்று லேபில் பேர். மாட்டைப் பழக்கலாம். இதைப் பழக்க இரண்டு நாள் ஆகும்.

எனக்குத் தெரியாமல் போன ஒன்று உண்டு. சூடு. ஒரு குறிப்பிட்ட சூட்டைத் தாண்டினால் செங்கல் எல்லாப் பக்கமும் சமமாகிவிடும். குட்டைப் பக்கமே இல்லாமல் போகும். ஆறவைத்தால் குட்டைப் பக்கம் திரும்ப வரும், ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் வரும். பழக்கியது அத்தனையும் போச்சு. வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய கட்டுரையில் 'அறை வெப்பநிலையில் வேலை செய்யும்' என்று இருக்கும். யாருடைய அறை? அவர்களுடைய அறையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். எங்களுக்குத் தேறிய அந்த ஒரே படிகத்துக்கு அந்தச் சூடு முப்பத்தாறு டிகிரி. சித்திரை மாதம் தாம்பரத்தில் முப்பத்தாறு என்றால் இன்றைக்குக் காற்று பரவாயில்லை என்பார்கள்.

ரகுநாதன் சார் கெட்டவர் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பென்சிலில்தான் எழுதுவார், எழுதியதை அழிக்க மாட்டார், ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் திருத்துவார். யார் எந்த அளவைச் சொன்னாலும் கண்ணாடிக்கு மேலே பார்த்து ஒரே கேள்வி கேட்பார்: "பார்த்ததா, நினைச்சதா?" பார்த்தது என்றால் எழுதுவார். நினைத்தது என்றால் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். பென்சில் மேசையைத் தொடும் அந்தச் சின்னச் சத்தத்துக்கு நான் பயந்த அளவு பட்டறை முதலாளியின் வசவுக்குப் பயந்ததில்லை. ஆனால் எதையும் ஏன் என்று சொல்ல மாட்டார். "இதை இப்படி வைங்க, அதை அங்கே வைக்காதீங்க." அவ்வளவுதான். எட்டாவது படித்தவனுக்கு ஏன் எதற்கு என்று நினைத்தாரோ, நேரமில்லையோ. அவரிடம் படித்தவர்களுக்கும் அதே பழக்கம் தொற்றிக்கொண்டது.

நூர்ஜஹானுக்கும்தான். அவள்தான் அந்தப் படிகத்தை வளர்த்தவள். பல்லாவரத்திலிருந்து தினமும் மின்சார ரயிலில் வருவாள். ஆராய்ச்சிப் பட்டத்துக்கு அஞ்சாவது வருடம். கெடு முடிந்து ஒரு முறை நீட்டிப்பும் வாங்கியாகிவிட்டது. இனி நீட்டிக்க முடியாது. ஆய்வேட்டின் அத்தனை அளவும் அந்தப் பாதித் தீக்குச்சியில் எடுத்தது. நான் காந்தத்தின் குமிழைத் திருகுவேன், அவள் அளவுமானியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே எழுதுவாள். அளவுமானி முள் நூறு கோட்டில் ஒரு சுற்று சுற்றும். ஒரு கோட்டுக்கு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. எங்கள் துண்டு முழுச் சுற்றும் போய் மேலே பதினைந்து கோடு காட்டும். நூற்றுப் பதினைந்து. அதைப் பார்க்கும்போதெல்லாம் அவள் "மாஷா அல்லா" என்று மெல்லச் சொல்லிக்கொள்வாள். நானும் உள்ளுக்குள் முருகா என்பேன்.

கேளம்பாக்கத்தில் ஒரு கம்பெனி. சின்னப் பம்பு செய்கிறவர்கள். மோட்டார் இல்லாமல் இந்த உலோகத்தை வைத்தே பம்பு செய்யலாமா என்று யோசித்து, நேரில் காட்டச் சொன்னார்கள். ஒரு திங்கள்கிழமை. நான் கடைந்து கொடுத்த சின்னச் சட்டத்தில் இரண்டு நிரந்தரக் காந்தம், அளவுமானி, துண்டு, அவ்வளவுதான் எடுத்துப் போக வேண்டியது. சாரும் நூர்ஜஹானும் சாரின் காரில் முன்னால் போனார்கள். நான் சாமான்களோடு வாடகை வண்டியில். நூர்ஜஹான் ஒரு தெர்மாகோல் பெட்டியை என் மடியில் வைத்தாள். உள்ளே ஐஸ் பேக், அதன் நடுவில் ஒரு சின்னப் பிளாஸ்டிக் டப்பா, அதில் பஞ்சுக்குள் துண்டு.

"பெட்டியிலேயே இருக்கட்டும் அண்ணா," என்றாள். ஏன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால்தான் பெரிய கதையாயிற்றே.

வண்டலூர் கேளம்பாக்கம் ரோட்டில் பாதி தூரத்தில் எங்கேயோ லாரி குறுக்கே மடங்கி நின்று வண்டிகள் நகரவே இல்லை. ஓட்டுநர் மாரி, ஏசி போட்டால் வண்டி இழுக்காது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டான். கண்ணாடியை இறக்கினால் அனல், ஏற்றினால் அடுப்பு. அப்போது மாரி பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கத்தினான்:

"இன்னா அண்ணாத்த, பொட்டி ஒழுவிகினு கீது! சீட்டு நனைஞ்சா ஓனரு என்னைத்தான் பேஜார் பண்ணுவான்."

குனிந்து பார்த்தேன். பெட்டியின் மூலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. திறந்தேன். ஐஸ் பேக்கெல்லாம் வியர்த்து வழிகிறது. பிளாஸ்டிக் டப்பாவின் மூடிமேல் முத்து முத்தாய்த் தண்ணீர். மூடியைத் திறந்தால் பஞ்சின் ஓரம் ஈரம்.

என் கண்ணுக்கு முன்னால் செம்மண் நிறம்தான் வந்தது. அஞ்சு வருட உழைப்பு, மேலே துரு. ஈரத்தில் இரும்பை விட்டவனுக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியாதா? துண்டை எடுத்தேன். கைக்குட்டையால் ஒற்றினேன். பஞ்சில் காய்ந்த பக்கத்தைப் பிய்த்துச் சுற்றினேன். ரயிலில் பணம் பத்திரமாக இருக்க என் சட்டைக்கு உள்புறம் ஒரு பை தைத்து வைத்திருப்பேன், பொத்தானோடு. அதில் வைத்துப் பொத்தானும் போட்டேன். பிறகு அதன்மேல் கையை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன், கீழே விழுந்துவிடக் கூடாதே என்று.

"அதுக்குள்ள இன்னா அண்ணாத்த, வைரமா?" என்றான் மாரி.

"அதுக்கும் மேல."

அரைமணி நேரத்துக்குக் குறையாமல் அப்படியே இருந்தேன். கேளம்பாக்கம் போய்ச் சேர்ந்ததும், வண்டியிலேயே துண்டை மறுபடி டப்பாவில் வைத்து, டப்பாவைத் துடைத்துப் பெட்டியில் வைத்து நூர்ஜஹான் கையில் கொடுத்தேன். எடுத்ததைச் சொல்லவில்லை. மறைக்க நினைத்தேன் என்று சொல்ல முடியாது. பத்திரமாய் வந்தது, சொல்ல என்ன இருக்கிறது என்றுதான் இருந்தேன்.

குளுகுளு அறை. கம்பெனிக்காரர்கள் ஆறு பேர். நூர்ஜஹான் துண்டைப் பொருத்தினாள், அளவுமானியைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள், காந்தச் சட்டத்தை நகர்த்தினாள்.

முள் நாலு கோடு போய் நின்றது.

விலக்கி, அழுத்தி, மறுபடி நகர்த்தினாள். நாலு. துண்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். மூன்று. அவர்கள் ரொம்ப மரியாதையாக, "பரவாயில்லை மேடம், மெயில் பண்ணுங்க," என்றார்கள். ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். வெளியே வந்ததும் ரகுநாதன் சார் நூர்ஜஹானிடம் ஒன்றுதான் கேட்டார்.

"நூத்திப் பதினஞ்சு. அது பார்த்ததா, நினைச்சதா?"

அவள் கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டு காரில் ஏறினாள்.

மறுநாள் செவ்வாய். லேபில் மைக்ராஸ்கோப்பின் கீழே துண்டை வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"பாருங்கண்ணா. முன்னாடி மொழுமொழுன்னு இருக்கும். இப்ப கோடு கோடா இருக்கு பாருங்க. சூடு பட்டிருக்கு. முப்பத்தாறைத் தாண்டியிருக்கு, அதான் கலைஞ்சு போச்சு."

"சூடு பட்டாக் கலையுமா?"

"ஆமாண்ணா. அதுக்குத்தானே ஐஸ் பேக்கு."

அதுக்குத்தானே! எவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது பாருங்கள். அந்த ஒரு வரியை முந்தின நாள் காலையில் சொல்லியிருந்தால் என்ன? கேட்டிருந்தால் எனக்குத்தான் என்ன? என் கை தானாகச் சட்டைமேல் போயிற்று. வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து ரகுநாதன் சார் உள்ளே வந்தார். கையில் கம்பெனியின் கடிதம். காட்டியது வேலை செய்யவில்லை, கல்லூரி கொடுத்த அளவுகளை எப்படி நம்புவது என்று எழுதியிருந்தார்கள். சனிக்கிழமை வெளியிலிருந்து ஒரு பேராசிரியை வந்து விசாரிப்பார், அதற்குப் பிறகுதான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாமா வேண்டாமா என்பது முடிவாகும் என்றார்.

திறந்த வாயை மூடிக்கொண்டேன். எனக்கு ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம்.

அடுத்த நாள்கள் நடந்ததை எழுதக் கை கூசுகிறது. துண்டு ஒரு பக்கம் அழுத்தும் கருவியில் பழகிக்கொண்டிருந்தது. நூர்ஜஹானோ எப்படிச் சூடு ஏறியது என்று கண்டுபிடிக்க அதே தெர்மாகோல் பெட்டியில் அதே ஐஸ் பேக்கை வைத்து, மொட்டை மாடி வெயிலில் வைத்துவைத்துப் பார்த்தாள். உள்ளே விட்ட வெப்பமானியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றது நான். மூன்று மணி நேரம் ஆனாலும் இருபதைத் தாண்டவில்லை. மறுபடி வைப்பாள். மறுபடி இருபது.

"பெட்டி சரியாத்தாண்ணா இருக்கு. அப்புறம் எப்படி ஏறும்? எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும் போல."

"சரியாயிடும்மா," என்றேன். இதைச் சொன்ன வாயை என்ன செய்வது?

சனிக்கிழமை வந்தவர் பெயர் சரோஜா. கதர்ப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. எங்கள் சாரைவிட மூத்தவர். லேபில் பெரிய மின்காந்தத்தில் துண்டைப் பொருத்தினோம். நான் குமிழைத் திருகினேன். முள் முழுச் சுற்றும் போய் மேலே பதினாலு கோட்டில் நின்றது. எனக்குப் போன உயிர் வந்தது. அவருக்கு எந்த மாற்றமும் இல்லை.

"இன்னிக்கு நகருது. சரி. திங்கட்கிழமை ஏன் நகரல?"

"ஐஸ் பேக் சரியா வேலை செய்யல மேடம். சூடாயிருக்கும்," என்றாள் நூர்ஜஹான்.

சரோஜா மேடம் நோட்டைப் புரட்டினார். "இதோ நீங்களே எழுதியிருக்கீங்க. பெட்டியை வெயில்ல வெச்சு ஒன்பது தடவை பார்த்திருக்கீங்க. ஒரு தடவைகூட இருபதைத் தாண்டல. அப்ப நீங்க சொல்ற காரணம் பொய்யா, இந்த ஒன்பது ரீடிங் பொய்யா? ஒண்ணு பொய்யின்னா மத்த பக்கத்தை நான் எதை வெச்சு நம்பறது? எல்லாத்தையும் முதல்லேருந்து எடுக்கச் சொல்ல வேண்டியதுதான்."

நூர்ஜஹான் சாரைப் பார்த்தாள். சார் கையிலிருந்த பென்சிலை மேசைமேல் வைத்தார்.

முதல்லேருந்து என்றால் இன்னொரு படிகம், இன்னொரு ஏழு குழாய். அவளுக்கு அதற்குக் கெடு இல்லை. அவ்வளவுதான், அஞ்சு வருடமும் முடிந்தது.

"பெட்டி மேல தப்பில்ல மேடம்," என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "பெட்டியில அது இல்ல. என் பாக்கெட்ல இருந்துது."

எல்லோரும் திரும்பினார்கள். ரகுநாதன் சார் கண்ணாடிக்கு மேலே பார்த்தார்.

"கன்னியப்பன், பார்த்ததா, நினைச்சதா?"

"ரெண்டும் இல்ல சார். செஞ்சது."

எல்லாவற்றையும் சொன்னேன். மாரி கத்தியது, தண்ணீர், துரு, உள்பை, பொத்தான். சரோஜா மேடம் முழுக்கக் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணைக் காப்பாத்தறதுக்காக இப்படிச் சொல்றீங்களா?" என்றார்.

"இல்ல மேடம்."

"அப்ப வைங்க பார்ப்போம். இப்பவே."

இதை நான் எதிர்பார்க்கவில்லை. துண்டைப் பஞ்சில் சுற்றி உள்பையில் வைத்துப் பொத்தான் போட்டேன். ஏசி அறையில் ஏறாது என்று வெளியே போகச் சொன்னார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெயிலில் போய் நின்றேன். பார்த்தால் சரோஜா மேடமும் குடையை விரித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நிற்கிறார். என்னை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"எதுவரைக்கும் படிச்சீங்க?"

"எட்டாவது மேடம்."

"துருன்னு பயந்தீங்க. இந்த உலோகம் அப்படி ஒரு மணி நேரத்துல துருப்பிடிக்காதே."

"அதை யாரும் சொல்லல மேடம்."

"சூடு ஆகாதுன்னாவது சொன்னாங்களா?"

"அதையும் சொல்லல."

நடக்கிறவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டு போனார்கள். ஒரு மாணவன், "இன்னாண்ணா, பனிஷ்மெண்டா?" என்று கேட்டுவிட்டு மேடத்தைப் பார்த்ததும் ஓடிவிட்டான்.

கொஞ்ச நேரத்தில் எனக்கு வேறு பயம் பிடித்துக்கொண்டது. கடற்காற்று இறங்க ஆரம்பித்தது. ஒரு மேகம் வேறு வெயிலை மறைத்தது. ஐயோ, சூடு ஏறாமல் போனால்? துண்டு நல்லபடியே இருந்து, உள்ளே போய் அழகாக நூற்றுப் பதினாலு நகர்ந்துவிட்டால்? நான் பொய்யன், அவள் பொய்க்காரி, இருவரும் சேர்ந்து நாடகம் ஆடினோம் என்று ஆகிவிடும். உள்ளங்கையைச் சட்டைமேல் வைத்து அழுத்தினேன். எத்தனை வருடமாக அந்த உலோகத்தை நகரு, நகரு என்று கெஞ்சியிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் முறையாக, இந்த ஒரு தடவை நகர்ந்து தொலைக்காதே என்று வேண்டிக்கொண்டேன்.

அரைமணி ஆனதும் உள்ளே போனோம். பத்து நிமிடம் ஆறவிட்டார்கள். நூர்ஜஹான் துண்டைப் பொருத்தினாள். குமிழை நான் தொடக் கூடாது என்று சொல்லி சரோஜா மேடமே திருகினார். ஒரு கோடு. இரண்டு. மூன்று. குமிழ் முழுக்கத் திரும்பிவிட்டது. முள் அஞ்சில் நின்றது. திரும்ப அழுத்தி, திரும்பத் திருகினார். அஞ்சு.

அவர் நோட்டில் எழுதினார். எழுதியதை ரகுநாதன் சார் தமிழில் எனக்குச் சொன்னார்: பழைய அளவுகள் நிற்கும். துண்டின் வெப்பநிலையைப் பிரயாணத்திலும் கவனிக்க வேண்டும் என்று ஒரு பத்தி சேர்த்து ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். பிறகு சரோஜா மேடம் அவர் பக்கம் திரும்பி, "டாக்டர், உங்க டெக்னீஷியனுக்கு ஒரு வாக்கியம் சொல்ல உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். சார் தலையைக் குனிந்துகொண்டார். பல வருடம் நான் கேட்க நினைத்த கேள்வி. யாரோ கேட்டபோது சந்தோஷமாக இல்லை. ஏழாவது விதி அந்த வாரமே லேப் விதிகளில் ஏறியது, அதிலும் ஏன் என்று எழுதவில்லை.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். நூர்ஜஹான் போகவில்லை. மறுபடி கலைந்துபோன துண்டை மறுபடி பழக்க அழுத்தும் கருவியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"மைக்ராஸ்கோப்ல காட்டினேனே. அப்பவே தெரியுமா அண்ணா?"

"தெரியும்மா."

"மாடியில வெப்பமானியைப் பிடிச்சுக்கிட்டு நின்னப்பவும்?"

"பயம்மா. வேலை போயிடுமோன்னு."

அவள் கருவியின் திருகாணியை ஒரு சுற்று இறக்கினாள்.

"எனக்கும்தான் அண்ணா பயம்."

அதற்குமேல் கோபமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை. அளவைப் படிக்கச் சொன்னாள், படித்தேன், எழுதினாள். அந்த வருடமே பட்டம் வாங்கினாள், எங்கள் எல்லோருக்கும் பிரியாணி கொடுத்தாள், கடைசி நாள்வரை அண்ணா என்றுதான் கூப்பிட்டாள். ஆனால் அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு அவள் லேபில் இருந்த ஏழு மாதமும் சாம்பிள் பெட்டியை அவளேதான் கட்டினாள், அவளேதான் தூக்கினாள். ஒவ்வொரு முறையும் நான் கையை நீட்டுவேன். "இருக்கட்டும் அண்ணா" என்பாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அது ஒன்றுக்கு மட்டும் எனக்குக் காரணம் தெரியும்.